கவுச்சிக்கோழியின் இறகுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில், போச்சம்பள்ளியை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி எழுதிய ‘கவுச்சிக்கோழி’ என்னும் குறிப்பு வெளிவந்திருந்தது. கறிக்கடைகளின் பின்புறத்தில் கழிவைத் தின்று, பாறை இடுக்குகளில் கூட்டமாகத் தங்கி, மனிதருக்கு அஞ்சாமலும் மனிதரோடு ஒட்டாமலும் வாழும், நாட்டுச் சேவல் அளவேயான ஒரு டைனோசர் என்று தான் கற்பனை செய்த உயிரை அவள் வருணித்திருந்தாள். அதைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டமைக்கு முதலில் நன்றி. ஆனால் அதனுடன் சேர்த்திருந்த படமும், அடியில் இட்டிருந்த ஆசிரியர் குறிப்பும் என்னை இக்கடிதம் எழுத வைத்தன. படத்தில் இருந்தது பச்சைச் செதில்களும் முதுகில் முள்வரிசையும் கொண்ட, ஓணானைத் தூக்கி நிறுத்தியது போன்ற ஓர் உருவம். குறிப்போ, டைனோசர்கள் முற்றிலும் அழிந்துவிட்டமையால் இது அறிவியலுக்குப் பொருந்தாத கற்பனை என்றும், மாணவர்கள் படித்து மகிழ்வதற்கு மட்டுமே உரியது என்றும் கூறியது. இரண்டுமே பிழை. அந்தச் சிறுமி எழுதியதிலும் பிழைகள் உண்டு. ஆனால் அவை தாங்கள் சுட்டிய இடத்தில் இல்லை.

நான் இம்மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சிறுமியின் தந்தை என்னிடம் படித்தவர் என்பதால், அவள் வரைந்த மூலப்படம் உள்ள நோட்டை அவரே என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். எழுத்தோடு படத்தையும் தங்களுக்கு அனுப்பியதாகவே அவள் சொல்கிறாள். அச்சில் தெளிவாக வராது என்று கருதித் தங்கள் ஓவியரைக் கொண்டு வேறொன்று வரையச் செய்திருக்கலாம். அந்த நோட்டுப் பக்கத்தில், பென்சிலால் ஒவ்வோர் இறகாக, பொறுமையாக, மேலிருந்து கீழாக ஓடு வேய்வது போல அடுக்கடுக்காக வரைந்திருந்தாள். முன்கைகள் குட்டையாக, மூன்று விரல்களுடன், உள்நோக்கி மடிந்திருந்தன. வாலை மட்டும் மெழுகு வண்ணத்தால் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகத் தீட்டியிருந்தாள். அந்நிறம் ஏன் என்று கேட்டதற்கு, டப்பாவில் அந்தப் பழுப்பு ஒன்றுதான் மிச்சம் இருந்தது என்றாள்.

இதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1996ஆம் ஆண்டு சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமே உள்ள ஒரு சிறு டைனோசரின் புதைபடிவம், உடலைச் சுற்றிலும் தூவி போன்ற மெல்லிய இறகுகளின் தடத்தோடு கிடைத்தது. அதற்கு சைனோசாரோப்டெரிக்ஸ் என்று பெயர். பறவை அல்லாத டைனோசர் ஒன்றின் மீது இறகின் தடம் முதன்முதலாகத் தெளிவாகக் காணப்பட்டது அதில்தான். 2010ஆம் ஆண்டில், அவ்விறகுகளில் தங்கியிருந்த நிறமித் துகள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், அதன் வால் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருந்தது என்று கண்டறிந்தனர். மிச்சமிருந்த வண்ணக்குச்சியால் அவள் தீட்டியதும் அதே வால்தான். இது தற்செயல் என்பதை நான் அறிவேன். ஆனாலும் அதை மாற்றிப் பச்சைச் செதில் போட்டது தற்செயல் அன்று. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாமெல்லாம் பார்த்த படங்களின் பழக்கம் அது.

பழக்கம் என்று சொல்லக் காரணம் உண்டு. 1842ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஓவன் என்னும் ஆங்கிலேய உடற்கூற்று அறிஞர் இவ்விலங்குகளுக்கு ‘டைனோசர்’ என்று பெயரிட்டபோது, கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு ‘அச்சம் தரும் பல்லி’ என்று பொருள் அமைந்தது. அந்தப் பல்லிதான் இன்றுவரை ஓவியர்களின் கையை விடவில்லை. உண்மையில் பல்லிக்கும் ஓணானுக்கும் கால்கள் உடலின் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். டைனோசரின் கால்களோ கோழியின் கால்களைப் போல உடலுக்கு நேர்கீழே ஊன்றி நின்றன. இன்று உயிரோடுள்ளவற்றில் பறவைகளுக்கு அடுத்தபடியாக டைனோசர்களுக்கு நெருங்கிய உறவு முதலைதானே தவிர, பல்லி அன்று. வகுப்பில் இதைச் சொல்ல நான் எந்தப் படத்தையும் நாடியதில்லை. கறிக்கடையில் நாட்டுக்கோழி வெட்டும்போது மார்பின் முன்புறம் கிடைக்கும் கவட்டை வடிவ எலும்பைக் கழுவிக் காயவைத்து எடுத்துச் செல்வேன். அதே எலும்பு டைரனோசாரசுக்கும் இருந்தது என்று சொன்னால், கடைசி வரிசையில் உறங்கிக்கொண்டிருப்பவனும் எழுந்து பார்ப்பான்.

ஆகவே டைனோசர்கள் முற்றிலும் அழிந்தன என்ற வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தவை பறவை அல்லாத டைனோசர்கள். ஒரு கிளை அழியவில்லை. அமாவாசையன்று கூரை ஓட்டின் மேல் சோற்று உருண்டையை வைத்துவிட்டு ‘கா, கா’ என்று நாம் அழைப்பது அந்தக் கிளையில் வந்த, பிணமும் எச்சிலும் தின்னும் ஒரு சிறு டைனோசரைத்தான். நான் படித்த காலத்துப் பாடநூலில் காக்கைக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. மனிதரில் ஒரு பிரிவினர் மீது சுமத்தப்பட்ட தொழிலின் பெயரைப் பறவைக்குச் சூட்டியது அது. இன்று அதை எழுதக் கை கூசுகிறது. மாணவி தன் விலங்குக்குக் கவுச்சிக்கோழி என்று பெயர் வைத்திருக்கிறாள். எவரையும் இழிவுபடுத்தாத, வாயில் வைத்தவுடன் மணம் வருகிற பெயர்.

அவளுடைய குறிப்பில் என்னைக் கவர்ந்த ஒரு வரியைத் தங்கள் பக்கத்தில் இடம் இல்லாமையால் வெட்டியிருக்கிறீர்கள் என்று நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ‘கவுச்சிக்கோழி எல்லாவற்றையும் தின்னும், பித்தப்பையை மட்டும் தொடாது’ என்பது அவ்வரி. இதை எழுதியவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போச்சம்பள்ளிச் சந்தையின் கறிக்கடைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தவளாகத்தான் இருக்க வேண்டும். நானும் அந்த வாரமே போய் நின்று பார்த்தேன். கடைக்காரர் ஆட்டின் ஈரலிலிருந்து பித்தப்பையைக் கத்தி படாமல் மெல்ல அறுத்துத் தனியே எறிகிறார். நாய் ஓடி வந்து முகர்ந்துவிட்டு விலகுகிறது. காக்கை இரண்டு முறை கொத்தி, அலகை மண்ணில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு பறந்துவிடுகிறது. மேலே வட்டமிடும் கரும்பருந்து குடல் துண்டுக்குத் தாழ்ந்து இறங்குகிறதே தவிர, பச்சையாகப் பளபளக்கும் அந்தப் பைக்கு இறங்கவே இல்லை. சந்தை கலைந்து, ஆட்டுக்குடல் கழுவிய தண்ணீர் காய்ந்து, ஈக்களும் போன பிறகு, அந்த இடத்தில் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். இந்தக் கவனிப்பை அறிவியல் என்று சொல்லாவிட்டால் வேறெதைச் சொல்வது?

முட்டை பற்றியும் அவள் எழுதியிருக்கிறாள். கவுச்சிக்கோழி தன் முட்டைகளை எருக்குழியின் ஓரத்தில் புதைத்துவிட்டுப் போய்விடுமாம். எரு வெக்கையிலேயே அவை பொரிந்துவிடுமாம். இதைப் படித்த சிலர் நகைத்ததாகக் கேள்விப்பட்டேன். நிக்கோபார் தீவுகளில் இன்றும் வாழும் மெகபோடு என்னும் பறவை, மணலையும் உதிர்ந்த இலைகளையும் காலால் வாரிக் குவித்து மேடு கட்டி, அதற்குள் முட்டைகளைப் புதைத்துவிடுகிறது. இலைகள் மட்கும்போது எழும் சூட்டில் அவை பொரிகின்றன. குளிர்ந்த விடியற்காலையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி எழுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் இருக்காது.

நான் திருத்த விரும்பியது வேறோர் இடத்தை. கவுச்சிக்கோழி வாரத்தில் ஆறு நாள் பாறை நிழலில் உறங்கி, சந்தை நாளில் மட்டும் இறங்கி வந்து வயிறு நிறையத் தின்னும் என்கிறாள். மலைப்பாம்பும் முதலையும் அப்படி இருக்கலாம். அவற்றின் உடல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவு செய்வதில்லை. இறகு போர்த்திய, ஓடியாடும், சேவல் அளவுள்ள வெப்பக்குருதி உயிருக்கு ஒரு நாள் பட்டினியே பெரும்பாடு. பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், பல நாள் பட்டினி தாங்கும். ஆனால் அவை இறக்கையை அசைக்காமலேயே வெயில் காற்றின் எழுச்சியில் மிதந்து, அதிகம் செலவில்லாமல் நூற்றுக்கணக்கான சதுரக் கிலோமீட்டரைக் கண்ணால் அளந்துவிடக்கூடியவை. பிணத்தை மட்டுமே நம்பிப் பிழைக்கும் முதுகெலும்புள்ள தரை விலங்கு இன்று எதுவும் இல்லாததற்குக் காரணமும் அதுவே: காலால் நடந்து தேடுபவனுக்குப் பிணம் கிடைக்கும் முன் காலே ஓய்ந்துவிடும். கழுதைப்புலியும் நரியும் வேட்டையும் ஆடும், கிடைத்ததையும் தின்னும். எனவே கவுச்சிக்கோழியும் எதையும் தின்னக் கற்றிருந்தால்தான் பிழைக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, திங்கட்கிழமை பெருந்தவளையும் நண்டும், செவ்வாய்க்கிழமை நெடுஞ்சாலையில் அடிபட்ட ஓணான், புதன்கிழமை வரப்பெலி என்று வாரத்தை நிரப்பத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமைக்கு எதுவும் தோன்றாமல், அன்று விரதம் என்றாள்.

நம் மாவட்டத்தில் அது தங்க இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சற்று முன்புவரை இன்னும் அதிகமாக இருந்தது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஊருக்கு ஊர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பாறைக் குன்றுகளின் இடுக்குகள் பகலில் நிழலும் இரவில் மிதமான சூடும் தருபவை. இப்பாறைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகையால் கல்குவாரியில் எத்தனை ஆழம் தோண்டினாலும் நம் ஊர்ப் பாறைக்குள் டைனோசர் எலும்பு அகப்படாது. சில மாணவர்கள் குவாரியிலிருந்து வரிவரியான கற்களை எடுத்துவந்து எலும்பா என்று கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். அதற்கு அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். அம்மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு சிறிய பல், பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவான ட்ரூடாண்டிட் என்னும் சிறு டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தமிழ்நாட்டு மண்ணில் சிறு டைனோசர் ஓடியதற்கு அந்தப் பல் ஒரு சாட்சி. மாணவிக்கு அது தெரியாது. தெரிந்த பிறகு, தன் கவுச்சிக்கோழியின் பூர்வீகம் அரியலூர் என்றும், மாங்காய்ப் பருவத்தில் லாரியோடு வந்து சேர்ந்தது என்றும் நோட்டில் சேர்த்துக்கொண்டாள். உயிரினம் பரவும் விதத்துக்கு இது ஒன்றும் மோசமான விளக்கம் அன்று.

இனி நான் சொல்லவந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். அந்தச் சிறுமி கற்பனை செய்ததாக நினைக்கும் விலங்கை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே, தென்பெண்ணையாற்றங்கரையில், செத்த மாட்டை உரிக்கும் இடம் ஒன்று அப்போது இருந்தது. உரித்து முடித்தவர்கள் ஆற்றில் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே, பெரிய பாறுகள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக் கூச்சலிட்டு மோதிக்கொள்ளும். அவற்றின் நடுவே போகாமல், பத்தடி தள்ளி, அழுக்கு வெள்ளை உடம்பும் மஞ்சள் முகமும் பிடரியில் கலைந்த இறகுமாக இரண்டு பறவைகள் கோழியைப் போலவே தலையை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருக்கும். பெரியவை தின்று ஓய்ந்த பிறகு இவை வந்து எலும்பின் இடுக்கில் ஒட்டியிருப்பதை மெல்லிய அலகால் நோண்டி எடுக்கும். அதுவும் இல்லாத நாட்களில் ஊர்க்கோடியில், மனிதர் ஒதுங்கும் இடங்களிலும் சாணக் குவியல்களிலும் மேயும். நாங்கள் கல்லெடுத்தால் பறக்காது. நாலெட்டு ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்க்கும். மனிதருக்கு அஞ்சாமலும் மனிதரோடு ஒட்டாமலும் என்று அந்தச் சிறுமி எழுதியிருந்த சொற்களைப் படித்தபோது எனக்கு அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் நினைவுக்கு வந்தது.

மஞ்சள்முகப் பாறு என்று இதற்குப் பெயர். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் குருக்கள் கையால் பொங்கல் வாங்கி உண்டுவந்த கழுகுகள் இவ்வினத்தவையே. 1990களுக்குப் பின் அங்கே அவை வருவதில்லை. இரண்டு கிலோ அளவே எடையுள்ள சிறிய பாறு. பண்டை எகிப்தில் மன்னர்களின் பெயரோடு சேர்த்து மதிக்கப்பட்டமையால் மேலைநாட்டார் இதைப் ‘பாரோவின் கோழி’ என்று அழைத்தனர். கோழி என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். நைல் நதிக்கரையில் பார்த்தவருக்கும் போச்சம்பள்ளியில் கற்பனை செய்தவளுக்கும் ஒரே உவமைதான் கிடைத்திருக்கிறது. அதன் முகத்து மஞ்சளும் வேறெங்கிருந்தோ வந்ததன்று. மாடு, ஆடுகளின் சாணத்தில் எஞ்சியிருக்கும் நிறமியை அது சாணத்தோடு தின்று பெறுகிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் காட்டியிருக்கிறார்கள். மாடு இருக்கும் ஊரில் மட்டுமே அதன் முகம் நன்றாக மஞ்சளாகும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. சற்று மிகைதான், ஆனால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த இரண்டு பறவைகளையும் பெரிய பாறுகளையும் நான் கடைசியாக எந்த ஆண்டில் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இறந்த மனிதருக்குத் தேதி இருக்கிறது. வராமல் போன பறவைக்கு இல்லை. 1990களில் மாடுகளுக்கு வலியும் வீக்கமும் தணிய டைக்ளோஃபினாக் என்னும் மருந்து ஊசியாகப் பரவலாயிற்று. ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்தால், மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போல ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் படிந்து, தலை தொங்கிச் சில நாட்களில் அவை செத்து விழுந்தன. ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயின் கிருமியையே பெரும்பாலும் கரைத்துவிடும் கடுமையான அமிலம் பாறுகளின் இரைப்பையில் இருக்கிறது; ஆனால் மருந்துக்கு அந்த அமிலம் ஈடாகவில்லை. காரணம் இதுதான் என்று 2004ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நூற்றில் ஒரு பிணத்துக்கும் குறைவாக மருந்து கலந்திருந்தாலே இவ்வழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு மாட்டைச் சுற்றி ஒரு கூட்டமே கூடித் தின்பதுதான் அதற்குக் காரணம். வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் 2007ஆம் ஆண்டுக்குள் இந்தியாவில் இல்லாமல் போயின. அதே ஆண்டில் மஞ்சள்முகப் பாறும் உலக அளவில் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மாட்டுக்கு அம்மருந்தைத் தருவது 2006ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் 2015இல் குப்பியின் அளவு குறைக்கப்பட்டது. பாறுகளுக்கு அதே போலத் தீங்கான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய வலிமருந்துகளை மாடுகளுக்குத் தருவதும் 2023இல் தடை செய்யப்பட்டது. இவற்றுக்கு மாற்றான மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. ஆயினும் சென்ற ஆண்டு என் தம்பியின் கறவை மாட்டுக்கு மடி வீங்கியபோது, மருந்துக்கடையில் கேட்ட உடனே கையில் கிடைத்தது எது என்று நான் இங்கு எழுதப்போவதில்லை. மாடு பிழைத்துக்கொண்டது என்பதால் அந்த ஊசியால் எந்தப் பறவைக்கும் கேடு நேரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கவுச்சிக்கோழி உண்மையிலேயே இருந்திருந்தால், அது இந்த ஊசிக்குத் தப்பியிருக்குமா என்று மாணவி கேட்டாள். பறவைகளின் உடலும் கழிவை யூரிக் அமிலமாகவே வெளியேற்றுகிறது. அவற்றின் உறவான உன் விலங்குக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆகவே அஞ்ச வேண்டியதுதான் என்றேன். ஊசிக்குத் தப்பினாலும், தெருநாய்க்கு வைக்கும் விஷக்கறியை அது முதலில் எடுத்திருக்கும். கோழிக் கழிவை மூட்டை கட்டி இரவோடு இரவாகத் தொப்பூர்ச் சாலையோரம் எறிபவர்கள் அந்த மூட்டையையும் சேர்த்து விழுங்கவைத்திருப்பார்கள். குஞ்சு காணாமல் போன வீட்டில் பழி அதன் மேல் விழுந்திருக்கும். உடும்பைப் போல அதன் கொழுப்பும் மூட்டுவலிக்கு நல்லது என்று எவராவது கண்டுபிடித்திருப்பார். சட்டம் அதை எந்த அட்டவணையில் வைத்திருக்கும் என்பதும் சுவையான கேள்வி. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கையையும் எலியையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர்கள் என்று ஓர் அட்டவணையில் அடைத்து, கொல்லத் தடையில்லை என்று விட்டிருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்த அட்டவணை நீக்கப்பட்டது. அதுவரை, அமாவாசையில் முன்னோராகவும் மறுநாள் தீங்குயிராகவும் ஒரே காக்கை இருந்துவந்தது.

இவ்வளவையும் ஒரு குழந்தையின் கற்பனைக்கு ஏற்றிச் சொல்வது அதிகம் என்று தாங்கள் கருதலாம். பாறுகள் இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலும் நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கின்றன. நமக்கு வடமேற்கே, கர்நாடகத்தின் ராமதேவர பெட்டா என்னும் குன்று 2012ஆம் ஆண்டில் அவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. இங்கே தென்பெண்ணையாற்றங்கரையில் அவை இருந்தன என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் என்னையே கற்பனை செய்பவன் என்கிறார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. இருந்த விலங்கு கதையாகவும், கதையில் வந்த விலங்கு அறிவியலுக்குப் பொருந்தாததாகவும் ஆகிவிட்டால், ஆற்றங்கரையில் எது இருந்திருக்க வேண்டும் என்று கேட்பதற்கே அவர்களுக்குச் சொல் இருக்காது. தங்கள் ஆசிரியர் குறிப்பைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில், பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்றும், சிறு டைனோசர்கள் பலவற்றுக்கு இறகு இருந்தது என்றும் இரண்டு வரித் திருத்தமும், வெட்டப்பட்ட பித்தப்பை வாக்கியமும், மாணவி வரைந்த படமும் வெளியிட வேண்டுகிறேன். படத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் தலையும் கழுத்தும் மங்கலாகவும் தாள் நைந்தும் தெரிவது நகல் எடுத்தவரின் பிழை அன்று. அச்சில் வந்த செதில் படத்தைப் பார்த்ததும் தான் வரைந்ததுதான் தவறு என்று எண்ணி, அன்று மாலையே ரப்பரை எடுத்து இறகுகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியிருக்கிறாள். கழுத்து வரை அழித்தபோது தந்தை பார்த்து நோட்டைப் பிடுங்கிவிட்டார். வாலையும் அழிக்க முயன்றிருக்கிறாள். மெழுகு வண்ணம் ரப்பருக்கு அழியாது என்பதால் அந்தப் பட்டைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.